நாலு படிச் சாமை

அந்தச் சுரைக்குடுக்கைக்கு நான் கொடுத்த விலை நூற்றைம்பது ரூபாய். விற்றவள் கேட்டது ஒன்றுமே இல்லை. "அதுக்கு வெலையெல்லாம் இல்லீங்க" என்றாள். எங்கள் கடைத்தெருவில் ஒருவர் அப்படிச் சொன்னால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நூறு என்றேன். பேசாமல் நின்றாள். நூற்றைம்பது என்றேன். அதற்கும் பேசாமல் நின்றாள். வாயைத் திறக்காத ஆளிடம் மேலே மேலே ஏறுகிறவன் மடையன் என்பது என் அத்தாவின் பாடம். மூன்று ஐம்பது ரூபாய்த் தாள்களை அவள் கையில் திணித்துவிட்டு, குடுக்கையைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின்சீட்டில் வைத்தேன். மலை இறங்கி முடியும் வரைக்கும், நல்ல விலைக்கு முடித்துவிட்டோம் என்ற குஷியில் இருந்தேன்.

என் பெயர் அன்சார். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு, பெரம்பலூரில் பாத்திரக்கடை. அத்தா காலத்தில் அது பழைய பித்தளைக்குப் புது எவர்சில்வர் கொடுக்கும் கடை. மாமியார் வீட்டுச் சீராக வந்த அண்டாவை மூன்று தம்ளருக்குக் கழற்றிக்கொண்டு வருவதில் அத்தாவை அடிக்க ஆள் கிடையாது. தராசை அவர் தொட்டாலே தட்டு ஒரு சலாம் போடும். நான் பதினோரு வருஷம் சார்ஜாவில் இருந்துவிட்டு வந்து கடையைப் பெரிதாக்கினேன். எலக்ட்ரானிக் தராசு வைத்தேன். அது யாருக்கும் சலாம் போடாது. ஆனால் வாய்ப்பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பல் டாக்டரிடம் கூட, "ரெண்டு பல்லா எடுத்தா எவ்வளவு கொறைப்பீங்க?" என்று கேட்டிருக்கிறேன்.

போன சித்திரையில் எனக்குச் சர்க்கரை இருநூற்று எண்பது காட்டியது. "அரிசிய விட்டுட்டு சாமை, வரகுன்னு சாப்பிடுங்க பாய்" என்றார் டாக்டர். அதே வாரத்தில் என் மனைவி ரஷீதா போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். பச்சைமலையில் கரடிமுடக்கு என்ற சிற்றூர். மலை மக்கள் வீட்டிலேயே தங்கல். சாமைச் சோறு, நாட்டுக்கோழி, மலைத்தேன். இரண்டு இரவுக்கு மூன்று பேருக்கு நாலாயிரத்து எண்ணூறு. விளம்பரத்தைப் போட்டிருந்தவன் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு மலையிலுள்ள ஏழெட்டு வீடுகளுக்கு ஆள் பிடித்து அனுப்பும் ஒரு தரகன். நாலாயிரத்துக்கு முடித்தேன். இவன் உடனே சம்மதித்தானே, மூவாயிரத்து ஐநூறிலிருந்து ஆரம்பித்திருக்கலாமே என்று துறையூர் வரைக்கும் புலம்பிக்கொண்டு வந்தேன். "பாங்கு சொல்றப்பகூட நீங்க கணக்குதான் போடுவீங்க" என்றாள் ரஷீதா. பின்சீட்டில் எங்கள் மகள் அஃப்ரின், பன்னிரண்டு வயது, ஜன்னலுக்கு வெளியே வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டு ரத்தம், எதையாவது எண்ணாமல் இருக்காது.

கரடிமுடக்கில் மொத்தம் இருபது வீடு இருக்கும். சுற்றிலும் மரவள்ளிக் காடு. எங்களுக்கு விட்ட அறை, ஓட்டு வீட்டை ஒட்டிப் புதிதாகக் கட்டியது. சிமெண்ட் வாசனை இன்னும் போகவில்லை. குளியலறையில் பச்சை டைல்ஸ். மகளிர் குழுவில் ஒன்றரை லட்சம் கடன் வாங்கிக் கட்டியதாக அந்த வீட்டுப் பெண் சம்பூர்ணம் சொன்னாள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். பேசும்போது புடவைத் தலைப்பால் ஏதாவது ஒன்றைத் துடைத்துக்கொண்டே பேசுவாள். புருஷன் வீரமுத்து மரவள்ளி லோடு ஏற்றிக்கொண்டு ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்குப் போனவர், ஒரு வாரம் கழித்துத்தான் வருவாராம். மகள் கவியா துறையூரில் நர்சிங் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள்.

மதியம் இலை போட்டார்கள். வந்தது வெள்ளைச் சோறு. ரேஷன் அரிசி. அந்த வாசனை எனக்குத் தெரியும். அவரைக்கொட்டைக் குழம்பும் முட்டைப் பொரியலும் அருமையாகத்தான் இருந்தன. ஆனால் நான் சோற்றை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். துணிக்கடையில் பெண்கள் சேலையைத் தள்ளிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"சாமை எங்கம்மா?"

சம்பூர்ணம் ஈயக் குவளையைத் துடைத்தாள். "நாங்களே ரேஷன் அரிசிதான் சார் திங்கிறோம். சாமையெல்லாம் இப்ப யாரு வூட்லயும் சமைக்கிறதில்ல. கொஞ்சூண்டு வெதைக்கிறதே கோயில் பொங்கலுக்குத்தான்."

"விளம்பரத்துல போட்டிருக்கீங்களே."

"அது திருச்சிக்காரர் போட்டது. எங்களுக்கு அதைப் படிக்கக்கூட…"

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கோபம் ஒன்றும் எனக்கு வரவில்லை. கடைசி நாள் கணக்கு முடிக்கும்போது ஐநூறு ரூபாய் குறைக்க ஒரு பிடி வேண்டும். சரக்கில் ஒரு குறையை முதலிலேயே சுட்டிக்காட்டி வைத்தால்தான் பின்னால் விலை இறங்கும். அவ்வளவுதான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "அஞ்சு நட்சத்திரம் போடலாம்னு நெனச்சிருந்தேன். இப்ப எத்தனை போடறதுன்னு தெரியல" என்றேன், சிரித்துக்கொண்டே. என் சிரிப்பு வியாபாரச் சிரிப்பு. அதைப் பழக்கமில்லாதவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் யோசித்தது கிடையாது. சம்பூர்ணம் போனைப் பார்த்தாள். கவியாவைப் பார்த்தாள். "நாளைக்குச் செஞ்சு தரேங்க" என்றாள்.

மறுநாள் காலையில் உலக்கைச் சத்தத்தில்தான் நானும் ரஷீதாவும் கண்விழித்தோம். அஃப்ரின் முன்பே எழுந்து வெளியே போயிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் சம்பூர்ணம் குத்திக்கொண்டிருந்தாள். குத்துவாள், முறத்தில் புடைப்பாள், தவிடு பறக்கும், மறுபடி குத்துவாள். சாமையை உமி நீக்குவது சாமானியமில்லை என்பதை அன்றுதான் பார்த்தேன். பத்து மணி வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ரஷீதா இதைப் போனில் படம் பிடித்தாள். கவியா அந்தப் பக்கமே வரவில்லை. வாசலைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். கூட்டின இடத்தையே கூட்டினாள். படிக்கிற பிள்ளை, காலேஜ் கவலை ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்குச் சம்பூர்ணம் ஒரு சேவலைக் காலைக் கட்டிக் கொண்டுவந்தாள். மறு கையில் தீட்டிய கத்தி. "போன மாசம் வந்த பாய் வூட்டுக்காரங்க சொன்னாங்க. நீங்களேதான் அறுக்கணுமாமே. நான் அறுத்தா ஆவாதாமே" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மலைமேல் எங்கள் ஹலாலுக்கு இவ்வளவு மரியாதை. பிஸ்மி சொல்லி முறைப்படி அறுத்தேன். ரத்தம் வடியும் வரை காத்திருந்து, கழுவிக் கொடுத்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை.

அந்தச் சாமைச் சோற்றைப் பற்றி என்ன சொல்வது. உதிரி உதிரியாக, லேசான பழுப்பில், வெந்த புல்வெளி மாதிரி ஒரு வாசனை. கோழிக் குழம்பை உறிஞ்சிக்கொண்டு அது உப்பி நின்றது. மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அஃப்ரினுக்குப் பிடிக்கவில்லை. தொண்டையில் கரகரக்கிறது என்று பாதி இலையோடு எழுந்துவிட்டாள். சம்பூர்ணம் அந்த இலையை எடுத்தாள். மீந்ததைக் கோழிகளுக்குப் போடப் போனவள், ஒரு நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு போட்டாள். கோழிகள் சண்டை போட்டுக்கொண்டு தின்றன.

அதோடு விட்டேனா. சர்க்கரைக்காரன் எனக்கு இந்தச் சாமை பெரம்பலூரில் எங்கே கிடைக்கும்? "மிச்சம் இருக்கறதையும் குத்தி ஒரு பையில கட்டிக் குடுத்துடும்மா. காசு தந்துடறேன்" என்றேன். ராத்திரிக்கு உப்புமாவும் அதிலேயே செய்யச் சொன்னேன். சம்பூர்ணம் "சரிங்க" என்றாள். மாலை வரைக்கும் மறுபடியும் உலக்கை. மூன்று கிலோ இருந்தது. மறுநாள் காலை கணக்கு முடிக்கும்போது, முதல் நாள் வெள்ளைச் சோறு போட்ட குறைக்காக முந்நூறு கழித்துக்கொண்டேன். சாமைக்கு என்று தனியாகக் காசு கேட்பாளோ என்று பார்த்தேன். கேட்கவில்லை. கேட்காததை நானாக எடுத்துக் கொடுத்துப் பழக்கமில்லை. அப்புறம்தான் உரல் பக்கத்தில் காலியாகக் கிடந்த அந்தக் குடுக்கை கண்ணில் பட்டது. பானை அளவுக்குப் பெரிது, மேலே வழவழவென்று, வாயைச் சுற்றி உடைத்தெடுத்த சாணி மூடியின் மிச்சம். ஷோகேஸில் வைத்தால் ஜம்மென்று இருக்கும் என்று பட்டது.

இறங்கும்போது வழியிலேயே நட்சத்திரமும் போட்டேன். நாலு. சோறு நன்று, பாதை மோசம்.

வீட்டு ஷோகேஸில் குடுக்கை நுழையவில்லை. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள், நானும் மலைக்கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அதில் நான் பெரிய ஆளாகிக்கொண்டே போனேன். வைகாசி கடைசியில் விக்கிரமங்கலத்திலிருந்து பூவரசன் வந்தார். எங்கள் பழைய வாடிக்கை. அரியலூர் பக்கம் இத்தனை கடையிருக்க, அத்தா காலத்துப் பழக்கத்துக்காகப் பெரம்பலூர் வரைக்கும் வருகிறவர். மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தார். பணத்தை எண்ணிக்கொண்டே குடுக்கையைப் பார்த்தவர், எண்ணுவதை நிறுத்தினார்.

"இத எங்க புடிச்சீங்க பாய்?"

"பச்சைமலையில. சொல்லுங்க பாப்போம், எவ்வளவு இருக்கும்?"

அவர் விலை சொல்லவில்லை. குடுக்கையைத் தூக்கி, வாய்க்குள் மூக்கை வைத்து முகர்ந்தார். உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினார். சாம்பல் கொஞ்சம் விழுந்தது. காய்ந்த நொச்சி இலைத் துணுக்கு ஒன்று. "இது வெதைக் குடுக்கை பாய். எங்க வூட்ல வரகுக்கு இப்படித்தான் சாம்பலப் போட்டு, நொச்சியப் போட்டு, சாணி வெச்சு மூடுவோம். வெதைக்கிற அன்னிக்குத்தான் ஒடைப்போம். இதக் காலியாக்கி யாரும் விக்க மாட்டாங்களே. உள்ள இருந்தது என்ன ஆச்சு?"

"நான்தான் தின்னுட்டேன்" என்றேன், சிரித்துக்கொண்டே.

பூவரசன் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கீழே குனிந்து, விட்ட இடத்திலிருந்து பணத்தை எண்ண ஆரம்பித்தார். பணம் கொடுக்கும்போது வழக்கமாகப் பேசும் கடைசிப் பேரத்தை அன்றைக்கு அவர் பேசவே இல்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போனார். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

வீட்டுக்குப் போனதும் அஃப்ரினைக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "அந்தக் குடுக்கைய ஒடைக்கிறப்ப கவியா அக்கா அழுதாங்கத்தா. 'பாக்யா அத்தை குடுத்த வெதைம்மா, அவுங்களுக்கு என்னம்மா சொல்லுவ'ன்னு கேட்டாங்க. அவுங்க அம்மா, 'பேசாமப் போய் வாசலக் கூட்டு'ன்னாங்க."

"இதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க மூணாவது தடவை சோறு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

ரஷீதா அடுப்படியில் இருந்தாள். அலமாரியில் அந்த மூன்று கிலோவில் முக்கால்வாசி அப்படியே டப்பாவில் இருந்தது. இரண்டு நாள் சமைத்தாள், மூன்றாம் நாள் நானே எனக்கு அரிசிச் சோறு போடச் சொல்லிவிட்டேன். அவள் டப்பாவைத் திறந்து பார்த்து மூடினாள். "கோழிக்கு மட்டும் பிஸ்மி சொன்னீங்க" என்றாள்.  அடுத்தவர் ஹக்கை, அவருக்கு உரியதை, தின்றால் நாற்பது நாள் தொழுகை நிற்காது என்று எங்கள் பெரியம்மா மிரட்டுவார். கணக்குப் பார்த்தேன். அன்றைக்கு முப்பத்திரண்டாம் நாள்.

ஒரு வியாபாரிக்கு மனசு உறுத்தினால் முதலில் பணப்பைக்குத்தான் கை போகும். கவியாவின் போன் நம்பருக்கு இரண்டாயிரம் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. கீழே ஒரு வரி: 'வெதைக்குக் காசு வாங்கக் கூடாதாம், அம்மா சொல்றாங்க.' மூவாயிரம் அனுப்பினேன். பேசாமல் நிற்கிற ஆளிடம் ஏறக்கூடாது என்ற பாடத்தை மறந்து. அதுவும் திரும்பி வந்தது, வரி இல்லாமல்.

சரி, பொருளாகவே கொடுத்துவிடுவோம். துறையூரில் ஒரு சிறுதானியக் கடையில் முதல்தரச் சாமை, பத்துக் கிலோ. பேரம் பேசவில்லை. அதுவே எனக்கு ஒரு தியாகம் போலத் தெரிந்தது. குடுக்கையையும் எடுத்துக்கொண்டு தனியாக மலை ஏறினேன். ஆனி பிறந்து நாலு நாள். மழை இரண்டு உழவுக்குப் பெய்திருந்தது. கரடிமுடக்கில் எல்லாரும் காட்டில் இருந்தார்கள். சம்பூர்ணத்தின் காடு உழுது போட்டபடிக்கு ஈரத்தோடு காத்திருந்தது. வரப்பில் மூட்டையை இறக்கிவைத்து, வாயை அவிழ்த்துக் காட்டினேன். மாப்பிள்ளை வீட்டுக்காரன் சீர்த்தட்டைத் திறந்து காட்டுவது மாதிரி.

சம்பூர்ணம் ஒரு கை அள்ளினாள். விரலிடுக்கில் வழியவிட்டாள். வெள்ளைவெளேரென்று வழிந்தது. அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் எது சிரிப்பு எது அழுகை என்று எனக்குத் தெரியவில்லை.

"இது தீட்டுன சாமைங்க. சோத்துக்குத்தான் ஆவும். உமி போனப்புறம் எங்க மொளைக்கிறது?"

மண்வெட்டியோடு வந்த கவியா மூட்டையை எட்டிப் பார்த்தாள். "நீங்க கடையில படி விக்கிறவருதானே சார்? அதுல என்ன அளப்பாங்கன்னு கேட்டதே இல்லையா?"

எவர்சில்வர் படி, பித்தளைப் படி, கல்யாணத்துக்கு நிறைபடி வைக்கப் பூண் போட்ட படி. வருஷத்துக்கு இருநூறு படி விற்கிறேன். உமி போன தானியம் முளைக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வரப்பில் உட்கார்ந்தேன். "தெரியாமப் போச்சும்மா" என்றேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா சாமையே வேணாம்னிருப்பேன்."

சம்பூர்ணத்துக்கு இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. "சொல்லாம என்ன சார்? சமைக்கிறதில்லன்னுதான் சொன்னேன். நீங்க இலைக்குப் பக்கத்துல போனை வெச்சுக்கிட்டு நட்சத்திரத்தக் காட்டுனீங்க. ரெண்டு நட்சத்திரம் கொறைஞ்சா திருச்சிக்காரரு எங்க வூட்ட எடுத்துருவாரு. குழுவுக்கு மாசம் நாலாயிரம் கட்டணும். அந்த ரூமு இல்லாட்டி எதுல கட்டுவேன்?" தலைப்பால் மண்வெட்டியின் காம்பைத் துடைத்தாள். "போன வருசம் பன்னி பூந்து எங்க காட்ட அழிச்சிருச்சு. வெதை கெடையாது. மேலவூட்டு பாக்யலட்சுமிதான் நாலு படி குடுத்துச்சு. நாலு வாங்குனா எட்டாக் குடுக்கணும், அதான் இங்க வழக்கம். வாங்குனத வெதைக்காமத் தின்னுட்டேன்னு எப்படிப் போய்ச் சொல்லுவேன்? தையில கோயில் பொங்கலுக்கு அவுங்கவுங்க காட்டுச் சாமை ஒரு படி கொண்டாந்து ஒரே பானையில போடுவோம். ரேஷன் அரிசி அதுல சேராது. போடாத வூடு தள்ளி நின்னு பாக்கணும்."

"அவுங்ககிட்டயே இன்னொரு நாலு படி…"

"ஒரு கடன் நிக்கிறப்ப மறு கடன் கெடையாது சார். உங்க ஊர் பேங்க் மாதிரிதான்."

அதைச் சொல்லும்போது கூட அவளுக்குக் கிண்டல் இருந்தது. எனக்கு அந்தக் கிண்டல்தான் அதிகமாகத் தைத்தது. சபித்திருந்தால் இன்னும் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும், சாபத்துக்கு ஏதாவது பதில் சொல்லலாம்.  பிறகு கேட்டேன்: "எம்பேர்ல கடன் தருவாங்களா?"

பாக்யலட்சுமிக்கு முறம் போல அகலமான கைகள். வீட்டு வாசலில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.  பாக்யலட்சுமி கத்தியை வைத்துவிட்டு, முதலில் சம்பூர்ணத்தைப் பார்த்து, "தின்னுட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று ஒரு அதட்டுப் போட்டாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாலு தரேன். எட்டாத் தரணும். காசு செல்லாது, கடைச் சாமை செல்லாது. மண்ணுல போட்டு எடுத்ததுதான். ஒத்துக்கிறீங்களா?"

"ஏழு" என்றேன்.

அல்லா சாட்சியாகச் சொல்கிறேன், நான் சொல்லவில்லை. வாய் சொன்னது. நாற்பத்தொன்பது வருஷப் பழக்கம். சொன்ன மறுநொடி காது இரண்டும் கொதித்தன. பாக்யலட்சுமி கோபப்படவில்லை. கத்தியை எடுத்து மறுபடியும் கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள். பேசாமல் இருந்தாள். பேசாமல் இருக்கிற ஆளை எதிரில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

"எட்டு" என்றேன்.

அவள் உள்ளே கூப்பிட்டாள். கதவுக்குப் பின்புறச் சுவரில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்புக் கோடுகள். ஒவ்வொரு வரிசைக்கு மேலேயும் ஒரு அடையாளம்: ஒன்றுக்கு மாட்டுக் கொம்பு, ஒன்றுக்கு ஏணி, ஒன்றுக்குப் பூ. பூவுக்குக் கீழே இருந்த எட்டு, சம்பூர்ணத்தின் எட்டு. பாக்யலட்சுமி சுண்ணாம்பில் விரலைத் தோய்த்துக்கொண்டு, "உங்க பேரு என்ன?" என்றாள். நான் சொல்வதற்குள் என் கக்கத்தில் இருந்த குடுக்கையைப் பார்த்துவிட்டாள். பேர் வேண்டியிருக்கவில்லை. வயிறு பெருத்த ஒரு குடுக்கையை வரைந்தாள். கீழே ஒவ்வொன்றாக எட்டுக் கோடு இழுத்தாள். நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.

நாலு படி விதையை அந்தக் குடுக்கையிலேயே வாங்கிக்கொண்டு வந்து சம்பூர்ணத்திடம் கொடுத்தேன். அவள் வீட்டுக்குள் போய், ஓட்டுச் சந்தில் செருகியிருந்த மூன்று ஐம்பது ரூபாய்த் தாள்களை எடுத்துவந்தாள். அதே தாள்கள், நான் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. "குடுக்கை திரும்பி வந்துருச்சுல்ல. இது உங்களுது" என்றாள். வாங்க மாட்டேன் என்றேன். சட்டைப்பையில் செருகிவிட்டாள். என் கடைத் தந்திரம் அது.

காட்டின் மேல்மூலையில், மரங்கள் தொடங்கும் இடத்தில், எனக்கென்று ஒரு துண்டு ஒதுக்கினாள். "மத்ததுல வெளையறது எங்களுக்கு. இந்த மூலை உங்க கடனுக்கு. வெதைய நாங்க போட்டுர்றோம். களை நீங்க எடுக்கணும். கதிர் வந்தா ராவெல்லாம் பன்னிக்குக் காவல் கெடக்கணும், முடியாட்டி பகல்லயாவது வந்து வேலி கட்டிட்டுப் போங்க" என்றாள். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியாமல் கால்வாசிச் சாமையைப் பிடுங்கினேன். கவியா தலையில் அடித்துக்கொண்டு, பிடுங்க வேண்டியதைக் காட்டிக் கொடுத்தாள். ஆவணியில் ஒரு தடவை ரஷீதாவும் அஃப்ரினும் வந்தார்கள். அன்றைக்கு ரேஷன் அரிசிச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டோம். முழு வாடகை கொடுத்தேன். நட்சத்திரத்தை ஐந்தாக மாற்றிவிட்டேன் என்று சொன்னபோது சம்பூர்ணம், "அப்டீங்களா" என்றாள். அவள் அதைப் பார்த்திருக்கவே இல்லை.

வேலி கட்ட வேண்டிய புரட்டாசியில் நான் போகவில்லை. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் சமயம். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று ஞாயிறு போயின. போனில் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் போக வேண்டியிருக்கும் என்று கேட்கவில்லை.

ஐப்பசியில் அறுத்தார்கள். சம்பூர்ணத்தின் காடு நன்றாக வந்திருந்தது. தன் எட்டுப் படியை அளந்து, பூவுக்குக் கீழே இருந்த கோடுகளை அழித்தாள். பானைக்கு ஒரு படி எடுத்துவைத்தாள். குடுக்கையை நிரப்பிச் சாணி வைத்து மூடினாள். இதெல்லாம் நான் போவதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. நான் போன அன்று என் மூலையைக் காட்டினாள். வேலி இல்லாத பக்கமாகப் பன்றிகள் புகுந்து உழுதிருந்தன. மிஞ்சிய கதிரை நானே கிள்ளி, நானே அடித்து, நானே தூற்றினேன். கடையிலிருந்து கொண்டுபோயிருந்த புதுப் படியில் அளந்தேன். தலைதட்டி ஆறு.

"எங்களுதுல ரெண்டு அவரப் போட்டுக்கச் சொல்லு அத்தை" என்றாள் கவியா பாக்யலட்சுமியிடம். அவளே சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பாக்யலட்சுமி தலையாட்டவில்லை. "அவரு கோட்ட அவருதான் அழிக்கணும்" என்றாள். ஈரத்துணியை என் கையில் கொடுத்தாள். ஆறு கோடுகளைத் துடைத்தேன். சுண்ணாம்பு கொஞ்சம் சுவரில் அப்பிக்கொண்டு நின்றது, முழுதாகப் போகவில்லை.

பெரம்பலூரில் என் கல்லாவுக்குப் பக்கத்தில் இப்போது ஒன்றும் இல்லை, ஒரு வட்டத் தழும்பு மட்டும். வீட்டு அலமாரியில், அன்று மலையில் குத்தி வாங்கிவந்த சாமை டப்பாவோடு இருக்கிறது. ரஷீதா சமைப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. சட்டைப்பையில் செருகிய மூன்று தாள்களைக் கல்லாவில் சேர்க்க முடியாமல் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். கரடிமுடக்கில் ஒரு கதவுக்குப் பின்னால், வயிறு பெருத்த ஒரு குடுக்கைக்குக் கீழே, வாங்கியது நாலு, தர வேண்டியது எட்டு, தந்தது ஆறு. நிற்கிறது இரண்டு கோடு. வருகிற ஆனிக்குள் அழிக்காவிட்டால், அதே இரட்டிப்பு வழக்கப்படி, அது நாலு.